இருபத்திரண்டு லீற்றர்

பல்லேகலவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் களஞ்சிய அறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. அவற்றின் மேல் ஒரு மரக்கோல் படுத்திருக்கும். இரண்டரை மீற்றர் நீளம். ஒரு பக்கம் முழுக்கச் சென்ரிமீற்றர்க் கோடுகள் வெட்டியிருக்கும். அடிநுனியில் ஒரு பித்தளைக் குமிழ். 1987இல் பத்தொன்பது வயதில் களஞ்சிய உதவியாளனாக அங்கே சேர்ந்தேன். முதல் நாள் காலையில் என் கையில் கொடுக்கப்பட்டது அந்தக் கோல்தான்.

'டிப் பார்க்கிறது' என்று அந்த வேலைக்குப் பெயர். தாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கோல் விட்டு அளந்து, புத்தகத்தில் எழுத வேண்டும். கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை. அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

பல்லேகல, கண்டியிலிருந்து குண்டசாலை வழியாகத் திகனைக்குப் போகும் பாதையில், தும்பறைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே பனிமூட்டம் கலைந்திருக்காது. ஹுன்னஸ்கிரிய மலை கண்ணுக்குத் தெரியாது. தொழிற்சாலையின் பின்புறத்தில், இடுப்பளவு சீமெந்துச் சுவருக்குள், செங்கல் மேடைகளின் மேல் எங்கள் டீசல் தாங்கி படுத்திருந்தது. உருளை வடிவம், இரண்டு மீற்றர் விட்டம், 10,000 லீற்றர் கொள்ளளவு. கொதிகலனுக்கும் ஜெனரேட்டருக்கும் அதிலிருந்துதான் எண்ணெய் போகும்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரை எல்லாரும் 'பாஸ்' என்றே கூப்பிடுவார்கள். தோட்டத்தில் பிறந்தவர். வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் காலத்திலேயே மலைநாட்டுக் களஞ்சியம் ஒன்றில் கோல் பிடித்தவர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாகி, அடுத்த சில வருடங்களில் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகியவற்றின் எண்ணெய் வியாபாரம் அரசின் கைக்கு வந்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். அதைச் செய்து முடித்த அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன கண்டி மாவட்டத்து ஹத்தரலியத்தைக்காரர் என்பதில் பாசுக்குப் பெருமை. ஆனால் அவர் சொல்லும் கதை வேறு. "கம்பனி மாறுச்சு தம்பி, போர்டு மாறுச்சு, காலன் போயி லீற்றர் வந்துச்சு. கோலு மட்டும் அதே கோலுதான்."

அவருடைய விதிகள் குறைவு. ஆனால் ஒன்றைக்கூட மீற விடமாட்டார். காலை ஆறு மணிக்கே அளக்க வேண்டும். வெயில் ஏறினால் எண்ணெய் விரிந்துவிடும். ஏணியில் ஏறியதும் வெறுங்கையால் இரும்புக் கைப்பிடியைத் தொட வேண்டும். உடம்பில் மின்னேற்றம் இருந்தால் அது தாங்கியின் வாயில் இறங்கக் கூடாது. காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி நின்று மூடியைத் திறக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கக் கூடாது. பவுசர் எண்ணெய் இறக்கி முடிந்தால் அரை மணி நேரம் கோலைத் தொடவே கூடாது. எண்ணெய் அடங்க வேண்டும், குழாயில் உரசி ஓடி வந்ததால் ஏறிய மின்னேற்றமும் அடங்க வேண்டும். கோலை நேராக இறக்க வேண்டும். அடித்தட்டில் பட்டது கையில் தெரிய வேண்டும். இரண்டு தடவை விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மூன்றாவது தடவை.

கோலின் அடியில் ஒரு பசை தடவுவோம். எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவுக் குளிரில் தாங்கியின் உட்சுவரில் வியர்த்து வடிவதும், மழைக்கு மூடி வழியாகக் கசிவதும் அடியில் போய்த் தங்கிவிடும். அதைத் தெரியாமல் அளந்தால் தண்ணீரையும் டீசல் என்று எழுதிவிடுவோம். தண்ணீர் ஜெனரேட்டருக்குப் போனால் அதன் ஊசிமுனைக் குழல்கள் நாசம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. "ஈரம் எங்க நிக்குதோ அத எழுது. நேத்து எவ்வளவு இருந்துச்சு, இன்னைக்கு எவ்வளவு இருக்கணும்னு நெனச்சு எழுதாத" என்பார். இத்தனை வருடங்களில், எந்த அலுவலகத்திலும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் பார்த்த பெரும்பாலான பிழைகள் இந்த ஒரு விதியை மீறியதால் வந்தவை.

கோல் சென்ரிமீற்றரைத்தான் சொல்லும். லீற்றரைச் சொல்வது அட்டவணை. படுத்திருக்கும் உருளையில் இது நேரான கணக்கு இல்லை. கால்வாசி உயரத்தில், அதாவது 50 சென்ரிமீற்றரில், கால்வாசி எண்ணெய் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அட்டவணை 1,955 லீற்றர் என்றது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உருளை அடியில் ஒடுங்கி, நடுவில் அகன்று, மறுபடி மேலே ஒடுங்குகிறது. எங்கள் தாங்கியின் நடுவயிற்றில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் 64 லீற்றர். அடியிலிருக்கும் முதல் சென்ரிமீற்றர் வெறும் 6 லீற்றர். ஒரே கோடு, ஒரே இடைவெளி. ஆனால் இடத்துக்கு இடம் பெறுமதி வேறு. இந்த உண்மைதான் பிறகு ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றியது.

ஒவ்வொரு நாளும் மூன்று எண்களை ஒப்பிடுவோம். ஒன்று கோல் சொல்வது. இரண்டாவது, கொதிகலனுக்கும் ஜெனரேட்டருக்கும் போகும் குழாயிலிருந்த மீற்றர் சொல்வது. அதற்குள் நீள்வட்டமான இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிலீற்றர்தான் கடந்து போக முடியும். சுற்றை எண்ணினால் எண்ணெயை எண்ணியதாகும். அதுவும் தவறக்கூடியதுதான். பல் தேய்ந்தால் எண்ணெய் இடுக்கால் நழுவி, மீற்றர் குறைத்துக் காட்டும். தாங்கி வற்றிக் குழாயில் காற்று வந்தால், காற்றும் சக்கரத்தைச் சுழற்றி, மீற்றர் கூட்டிக் காட்டும். மூன்றாவது எண், பவுசர் கொண்டுவரும் பற்றுச்சீட்டில் இருப்பது.

அந்தச் சீட்டில் 6,600 லீற்றர் என்று இருக்கும். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தின் கடலோரச் சூட்டில் ஏற்றிய எண்ணெய், கடுகண்ணாவை ஏறி, சுமார் 500 மீற்றர் உயரத்திலிருக்கும் கண்டிப் பக்கம் வந்து சேரும்போது குளிர்ந்திருக்கும். டீசல் ஒரு பாகை குளிர்ந்தால் ஆயிரம் லீற்றருக்கு ஏறக்குறைய 0.8 லீற்றர் சுருங்கும். ஐந்து பாகை குளிர்ந்தால் ஒரு பவுசரில் 26 லீற்றர் காணாமல் போகும். யாரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை. எடை அப்படியே இருக்கிறது, கன அளவு மட்டும் குறைந்திருக்கிறது. அதனால்தான் உலக எண்ணெய் வியாபாரத்தில் 15 பாகை செல்சியசுக்குத் திருத்திய கணக்கைப் பார்க்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு வெப்பமானியும், பாஸ் கையால் எழுதி வைத்த ஒரு திருத்தப் பட்டியலும். மூன்று எண்களும் அந்தத் திருத்தத்தோடு ஒத்துப் போனால் பாஸ் கையெழுத்து வைப்பார். அவருக்குப் பிறகு கணக்காளர். பிறகு இரவுக் காவலாளி.

காவலாளி ஒரு சிங்களப் பெரியவர். நாங்கள் 'சீயா' என்போம். இரவு முழுக்கத் தாங்கியின் பொறுப்பு அவருடையது என்பதால் அவருடைய கையெழுத்தும் தேவைப்பட்டது.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம் பாசுக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை. ஆறு வாரம் லீவு. கோல் என் கைக்கு வந்தது. இரண்டு வாரம் எல்லாம் சரியாகப் போயிற்று. மூன்றாவது வாரத்திலிருந்து கணக்கு இடித்தது. பவுசர் வந்த நாளிலிருந்து அடுத்த பவுசர் வரும்வரை கூட்டிப் பார்த்தால், தாங்கியிலிருந்து போனதாகக் கோல் சொன்னது மீற்றர் சொன்னதைவிட 22 லீற்றர் அதிகம். அடுத்த தடவையும் கிட்டத்தட்ட அதே 22. அதற்கடுத்த தடவையும் அதே. மீற்றரைக் கடக்காமல் தாங்கியிலிருந்து எண்ணெய் போகிறது என்றால் ஒரே பொருள்தான். யாரோ வாளியில் எடுக்கிறார்கள்.

தாங்கிக்கு இரவில் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான். மேலாளர் சீயாவை அழைத்து விசாரித்தார். அடுத்த மாதம் வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு அடிபட்டது. சீயா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நான் கோலோடு ஏணியில் ஏறும்போது கீழே வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். என் புத்தகத்தில் எண்கள் சுத்தமாக இருந்தன. நான் ஈரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அதனால் எனக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. அவர் மேல் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கூசுகிறது.

பாஸ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிய காலையில், நான் ஆறு வாரக் கணக்கையும் அவரிடம் நீட்டினேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. கண் இன்னும் தெளியவில்லை. ஆணியிலிருந்து கோலை எடுத்து, அதன் நுனியைப் பெருவிரலால் தடவினார். "குமிழ் எங்க தம்பி?" என்றார்.

நுனி எப்போதும் எண்ணெயும் பசையும் அப்பிக் கறுத்தே இருக்கும். ஒரு சென்ரிமீற்றர் கனமுள்ள அந்தப் பித்தளைக் குமிழ் தாங்கிக்குள் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து கோல் ஒரு சென்ரிமீற்றர் குட்டை. அது சொன்ன ஒவ்வோர் அளவும் ஒரு சென்ரிமீற்றர் அதிகம்.

பாஸ் என்னை உட்கார வைத்துக் கணக்கை விளக்கினார். பவுசர் வந்தவுடன் உண்மையான உயரம் 134 சென்ரிமீற்றர். கோல் 135 என்கிறது. தாங்கி அந்த இடத்தில் அகலம். அந்த ஒரு சென்ரிமீற்றர் 60 லீற்றர் பெறும். எண்ணெய் இறங்கி உண்மையில் 20 சென்ரிமீற்றருக்கு வரும்போது கோல் 21 என்கிறது. அங்கே தாங்கி ஒடுக்கம். ஒரு சென்ரிமீற்றர் 38 லீற்றர்தான். அறுபதிலிருந்து முப்பத்தெட்டைக் கழித்தால் இருபத்திரண்டு. இல்லாத எண்ணெயை மேலே கூட்டி எழுதி, கீழே குறைவாகக் கூட்டி எழுதி, நடுவில் விழுந்த வித்தியாசத்துக்குத் திருட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "பவுசர் எறக்குற அன்னைக்கெல்லாம் சீட்டவிட இருபத்திரண்டு லீற்றர் கூட வந்திருக்கணுமே. அத யாராவது கேட்டாங்களா?" பக்கங்களைப் புரட்டினேன். வந்திருந்தது. ஒவ்வொரு பவுசருக்கும் வந்திருந்தது. கூடியபோது நாங்கள் எல்லாரும் பேசாமல் கையெழுத்துப் போட்டோம். குறைந்தபோது மட்டும் ஓர் ஆளைத் தேடினோம்.

அன்றே பாஸ் மேலாளரிடம் போய்க் கோலையும் இரும்பு அளவு நாடாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சீயாவின் வேலை தப்பியது. அடுத்த வருடம் தாங்கியைக் கழுவியபோது, அடியிலிருந்த சேற்றில் குமிழ் கிடைத்தது. அதை நான் சீயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் துடைத்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

1993இல் பாஸ் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். 1996இல் கடும் வறட்சி. எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றிக் கரை தெரிந்தது. நீர் மின்சாரத்தை நம்பியிருந்த நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஜெனரேட்டர் இரவு பகலாக ஓடியது. டீசல் போதாமல் பெரிய தாங்கி ஒன்று புதிதாக வைத்தார்கள். அதன் வெளிப்புறத்தில் ஓர் அளவுப் பலகை. உள்ளே மிதவை, மிதவையிலிருந்து கம்பி மேலே போய், கப்பியில் சுற்றி, வெளியே பலகையில் ஒரு முள்ளை ஏற்றி இறக்கும். கீழே நின்றபடியே பார்க்கலாம். இனி யாரும் ஏணி ஏற வேண்டியதில்லை என்றார்கள். நானும் ஏறவில்லை. கோல் ஆணிகளின் மேல் கிடந்தது.

ஒரு நாள் இரவு பவுசர் வந்தது. பலகையில் முள் கீழேயே நின்றது. இடம் தாராளம் என்று எழுதிக் கையெழுத்திட்டு இறக்கச் சொன்னேன். இறங்கிக்கொண்டே இருந்தது. முள் அசையவில்லை. மெதுவாகத்தான் ஏறும் என்று நினைத்தேன். கம்பி கப்பியில் சிக்கியிருந்தது எனக்குத் தெரியாது. முதலில் மணத்தைப் பிடித்துக் கத்தியது சீயா. மூடி வழியாக டீசல் பொங்கி, தாங்கியின் உடம்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. சுற்றுச் சுவரின் வடிகால் வால்வை மழைத் தண்ணீருக்காகத் திறந்தவர்கள் மூட மறந்திருந்தார்கள். எண்ணெய் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மரத்தூளும் மணலும் கொட்டி விடியும்வரை அணைகட்டினோம். அந்த வாய்க்கால் போய்ச் சேருமிடம் மகாவலி. 300 லீற்றருக்குக் குறையாமல் போயிருக்கும். டீசலாக இருந்தபடியால் நாங்கள் பிழைத்தோம். பெற்றோல் என்றால் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய், முதல் நெருப்புப் பொறிக்காகக் காத்திருக்கும்.

ஒன்பது வருடம் கழித்து இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. லண்டனுக்கு வடக்கே, ஹெமல் ஹெம்ஸ்டெட் நகருக்குப் பக்கத்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் களஞ்சியம். 912ஆம் இலக்கத் தாங்கிக்குள் குழாய் வழியாகப் பெற்றோல் வந்துகொண்டிருந்தது. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணியளவில் மட்டம் காட்டும் கருவி நின்றுவிட்டது. எண்ணெய் ஏறிக்கொண்டே இருந்தது. திரையில் எண் மாறவில்லை. மட்டம் எல்லை மீறினால் தானாகவே வரத்தை நிறுத்த வேண்டிய தனி ஆளியும் வேலை செய்யவில்லை. பெற்றோல் பொங்கி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, காலை 6.01க்கு வெடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிறு அதிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த விசாரணையைப் பற்றி வாசித்தபோது, அசையாத முள்ளுக்கு முன்னால் நான் நின்ற இரவுதான் என் கண்ணுக்குள் வந்தது. பணக்கார நாடு, பெரிய களஞ்சியம், நவீன கருவி. ஆனாலும் பிழை ஒன்றுதான். காட்டுவது ஒரே ஒரு கருவி. அதைச் சரிபார்க்க இரண்டாவது சாட்சி இல்லை.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் தங்கையின் மகன் கண்டிப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் பொறுப்பாக இருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே போனை நீட்டினான். நான்கு தாங்கிகள், நான்கு நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே லீற்றர், மில்லிமீற்றர், வெப்பநிலை. "பாருங்க மாமா, இங்க இருந்தே டிப் பார்க்கலாம்" என்றான்.

எனக்குப் பொறாமை இல்லை. மகிழ்ச்சிதான். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாங்கிக்குள் நட்டுவைத்த ஓர் உலோகத் தண்டு. அதன் உள்ளே மெல்லிய கம்பி. மேலிருந்து கம்பியில் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறார்கள். தண்டைச் சுற்றி மிதக்கும் வளையத்துக்குள் காந்தம் இருக்கிறது. துடிப்பு காந்தத்தின் இடத்தைத் தொட்டதும் கம்பி நூலளவு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கம் அலையாக மேலே திரும்பி வரும் நேரத்தை அளந்தால் எண்ணெயின் மட்டம் தெரிந்துவிடும். எண்ணெய்க்கு ஒரு மிதவை, அடித் தண்ணீருக்கு இன்னொரு மிதவை. வெப்பநிலைத் திருத்தத்தையும் அதுவே போடுகிறது. பெருங்களஞ்சியங்களில் மிதவைகூட இல்லாமல், கூரையிலிருந்து றேடார் அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறார்கள். இரவில் பம்புகள் ஓய்ந்திருக்கும்போது மட்டம் மெல்ல இறங்கினால், நிலத்தடித் தாங்கி ஒழுகுகிறது என்று எச்சரிக்கிறது. பாஸ் கையால் செய்த எல்லாவற்றையும் செய்கிறது. மழையில் ஏணி ஏற வேண்டாம், ஆவியை மூச்சிழுக்க வேண்டாம். பாஸ் கடைசிக் காலத்தில் இருமிய இருமலை நான் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டேன். "கோல் விட்டுப் பார்த்து எத்தனை நாளாச்சு?"

"கோல் எங்கயோ கிடக்கும் மாமா. இப்ப யாரும் போடுறதில்ல."

மறுநாள் காலையில் இருவரும் போனோம். ஓயில் டப்பாக்களுக்குப் பின்னால் தூசியோடு கோல் கிடைத்தது. முதலில் நுனியைத் தடவிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பசை வாங்க ஆள் அனுப்பினான். டீசல் தாங்கியில் இரண்டு தடவை விட்டோம். கோலும் திரையும் மூன்று மில்லிமீற்றருக்குள் ஒத்துப் போயின. அடியில் மட்டும் ஒரு சிறு சிவப்பு. எட்டு மில்லிமீற்றர் தண்ணீர். திரையில் தண்ணீர் பூச்சியம் என்று இருந்தது. கருவியில் பிழை இல்லை. தண்ணீர் மிதவை அவ்வளவு குறைந்த ஆழத்தில் எழும்பாது. அது எங்கிருந்து பேசத் தொடங்கும், அதற்குக் கீழே எதைச் சொல்லாது என்பது இப்போது என் மருமகனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் திரையைப் பார்த்த பார்வையில் புதிதாக ஒரு நம்பிக்கை இருந்தது. சரிபார்த்த பிறகு வரும் நம்பிக்கை அது.

அளவு என்பது களஞ்சியக்காரர்களின் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 2022ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த வருடம் மே 16ஆம் திகதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தொலைக்காட்சியில் தோன்றி, ஒரே ஒரு நாளுக்குப் போதுமான பெற்றோல்தான் கையிருப்பில் இருக்கிறது என்றார். ஒரு நாடு முழுவதற்கும் டிப் பார்த்துச் சொன்னது போலிருந்தது அது. கோல் அடித்தட்டில் படும் சத்தம் எனக்குக் கேட்டது. டொலர் தீர்ந்ததால் எண்ணெய் தீர்ந்தது. ஆனால் கையிருப்பு நடுவயிற்றைத் தாண்டிக் கீழே இறங்கிய மாதங்களிலேயே யாராவது அதை உரக்க வாசித்திருக்க வேண்டும். உருளைத் தாங்கியில் பாதிக்குக் கீழே போகப் போக ஒவ்வொரு சென்ரிமீற்றரும் முன்னதைவிடக் குறைவான எண்ணெயைத் தரும். மட்டம் வேகமாக விழும். நாட்டின் கையிருப்பும் கடைசியில் அப்படித்தான் விழுந்தது. ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87இலிருந்து 340க்குப் போனது. தோட்டத்து லயங்களில் அடுப்பும் விளக்கும் அந்த விலையைத்தான் கொடுத்தன. அதே வேளையில் திருகோணமலையில், பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியவை, பெரும்பாலும் காட்டுக்குள் வெறுமையாக நின்றன.

ஜூலையில் கியூஆர் அனுமதி வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. திகனைப் பாதையில் ஒரு செட்டுக்கு முன்னால் நானும் என் மோட்டார் சைக்கிளோடு நின்றேன். வரிசை வளைந்து வளைந்து போனது. உள்ளே எண்ணெய் இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கல் பறக்கும் நிலை. அப்போது செட்காரர் ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் பத்தடி பின்னால் போகச் சொல்லி, போன்களை அணைக்கச் சொல்லி, நிலத்திலிருந்த மூடியைத் திறந்து கோலை இறக்கினார். பெற்றோல் நொடியில் உலர்ந்துவிடும் என்பதால் நிறம் மாறும் பசை தடவியிருந்தார். கோலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். அட்டவணையைப் பார்த்து, பம்புக்கு எட்டாத அடிப்பகுதியைக் கழித்து, ஒரு கரும்பலகையில் 2,000 என்று எழுதினார். மோட்டார் சைக்கிள் மட்டும் என்றால் ஐந்நூறு பேருக்கு.

சத்தம் அடங்கிவிட்டது. பின்னால் நின்றவர்கள் தலைகளை எண்ணிப் பார்த்தார்கள். தங்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்தவர்கள் திட்டவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கூடவில்லை. எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கண்முன்னால் தெரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. பொலிஸாலும் முடியாததை ஒரு ஈரக் கோடு செய்ததை அன்று நேரில் பார்த்தேன்.

எங்கள் நாட்டில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் தராசுகளையும் பம்புகளையும் சோதித்து முத்திரை வைக்கிறது. அந்த முத்திரை அவசியம். ஆனால் முத்திரை வைத்த அதிகாரி போன பிறகு, அடுத்த சோதனை வரை எத்தனையோ காலைகள் இருக்கின்றன. அந்தக் காலைகளின் பொறுப்பு அங்கே வேலை செய்பவர்களுடையது.

களஞ்சியங்களிலும், பெற்றோல் செட்களிலும், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறைகளிலும், தேயிலைத் தொழிற்சாலைகளிலும் எண்ணெய்க்குப் பொறுப்பாக இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் திரையை நம்புங்கள். அது எங்கள் கோலைவிடக் கூர்மையானது. வாரத்துக்கு ஒரு நாள் கோலையும் இறக்குங்கள். இறக்குமுன் அதன் நுனியைத் தடவிப் பாருங்கள். கணக்குக் குறையும்போது எப்படித் தேடுவீர்களோ, கூடும்போதும் அப்படியே தேடுங்கள். ஒரு மனிதர் மேல் சந்தேகம் வருவதற்கு முன்னால் கருவியின் மேல் வரட்டும்.

அந்தப் பித்தளைக் குமிழை இப்போது என் மருமகனிடம் கொடுத்திருக்கிறேன்.